கான்ட்ராக்டர் துரைகளும் கூலிக் கணக்கும்

செட்டிநாடு ரயில் நிலையத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ‘இந்தியா முழுக்கத் தண்டவாளம் போட்டார்களே வெள்ளைக்காரக் கான்ட்ராக்டர்கள், அவர்கள் யார், எவ்வளவு அடித்தார்கள்?’ ரயில்வே கணக்குப் பிரிவில் உட்கார்ந்து கான்ட்ராக்டர் பில்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். இந்தக் கேள்விகளைக் கண்டதும் பழைய ஆசை வந்துவிட்டது. ஆகவே இந்த முறை ஆலயக் கும்பாபிஷேகக் கேள்விகளும் மருத்துவக் குறிப்புக் கேள்விகளும் அடுத்த இதழுக்கு.

‘எங்கள் ஐயா காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் மானாமதுரை வரைக்கும் மாட்டு வண்டியில் போய் ரயில் ஏறுவார்களாம். பம்பாயில் 1853-லேயே ரயில் ஓடியிருக்கிறது. கான்ட்ராக்டர்களுக்கு நம் பக்கம் வர மனசில்லையா?’ — தேவகோட்டை வாசகர்

கான்ட்ராக்டருக்கு மனசு என்று தனியாக ஒன்று கிடையாது. கம்பெனி எங்கே டெண்டர் விடுகிறதோ அங்கே போவார். கம்பெனியோ துறைமுகத்தையும் பட்டாளத்தையும் பருத்தியையும் பார்த்துப் போகும். பம்பாய்–தானா 1853 ஏப்ரல் 16. நம் மாகாணத்தில் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856 ஜூலை 1. நாகப்பட்டினம்–திருச்சி 1860-களின் தொடக்கம். மதுரைக்கு 1875, தூத்துக்குடிக்கு 1876, மண்டபத்துக்கு 1902. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்தது 1929, அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930. லண்டனில் ஆபீஸ் வைத்துக்கொண்டு இந்தியா முழுவதும் லைன் போட்ட பெரிய கான்ட்ராக்டர்களின் ஆட்டம் 1870-ஐ ஒட்டியே முடிந்துவிட்டது. நம் ஊருக்கு ரயில் வந்தபோது அவர்களெல்லாம் போட்டோவில்தான் இருந்தார்கள்.

இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். மாயவரத்திலிருந்து கிளம்பிய லைன் அறந்தாங்கிக்கு 1903-இல் வந்தது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்கு வர 1952 ஆயிற்று. அதைப் போட்டது வெள்ளைக்காரன் இல்லை, நம் சுதந்திர சர்க்கார். ஆகவே தாமதத்துக்கு ஒருவரையே திட்டிப் பயனில்லை.

‘ரயில் கம்பெனிகளுக்கு 5 சதவீதம் உத்தரவாதம் கொடுத்தார்கள் என்று படித்தேன். அது என்ன கணக்கு? வட்டித் தொழில் செய்த குடும்பம் என்பதால் கேட்கிறேன்.’ — காரைக்குடி வாசகர்

நீங்கள்தான் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, பங்கு விற்றுப் பணம் திரட்டுவார்கள். அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம் என்று முதலில் கிழக்கிந்தியக் கம்பெனியும், 1858-க்குப் பிறகு சர்க்காரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன. நிலம் இலவசம். ஒப்பந்தம் 99 வருஷம். ரயில் ஓடி 5 சதவீதம் வரவில்லையா? குறைகிற பாக்கியை இந்திய கஜானா கொடுக்கும். கஜானா என்றால் நம் நிலவரி, உப்பு வரி. அதாவது மானாமதுரைப் பக்கம் ஒரு சம்சாரி, வாழ்நாளில் ரயிலைக் கண்ணால் பார்க்காமலே செத்துப்போனவர், பம்பாய் ரயிலின் நஷ்டத்துக்கு வட்டி கட்டியிருக்கிறார்.

நம் ஆட்கள் கடை வைத்த ஊரில் கடன்காரன் தலைமறைவானால் முதலும் போச்சு, வட்டியும் போச்சு. அதனால்தான் மேலாள் ராத்திரி பகலாய்க் கண்விழித்துக் கணக்குப் பார்ப்பார். முதலுக்கு ஆபத்தே இல்லை என்று ஒருவனிடம் சொல்லிவிட்டால் அவன் ஏன் செலவைப் பார்க்கப்போகிறான்? மைலுக்கு எட்டாயிரம் பவுண்டு ஆகும் என்று தொடக்கத்தில் பேசிய வேலை, முடிவில் இரண்டு மடங்கையும் தாண்டியது. இந்திய சர்க்காரில் நிதி மெம்பராக இருந்த மாஸி என்பவர் 1872-இல் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் உடைத்தே சொன்னார்: 5 சதவீதம் வந்துகொண்டிருக்கும்வரை, தான் கொடுத்த பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினார்களா, செங்கல்லும் சாந்துமாக ஆக்கினார்களா என்று இங்கிலாந்து முதலாளிக்குக் கவலையே இல்லை என்று. இந்திய ரயில்வே மொத்தத்தில் லாபம் காட்டத் தொடங்கியதே 1900-ஐ ஒட்டித்தான். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டிய ஆர்தர் காட்டன் இருக்கிறாரே, அவர் கடைசிவரை ‘இந்தப் பணத்தில் வாய்க்கால் வெட்டுங்கள்’ என்று கத்திக்கொண்டே இருந்தார். கேட்பாரில்லை.

இதில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்று. இந்த 5 சதவீதம் கம்பெனியின் பங்குதாரருக்கு. கான்ட்ராக்டருக்கு இல்லை. அவர் மைலுக்கு இவ்வளவு, கன கஜத்துக்கு இவ்வளவு என்று ரேட் போட்டுக் கையெழுத்திட்டவர். அரிசி விலை ஏறினாலும் காலரா வந்தாலும் அவர் தலையில். உலகமெல்லாம் ரயில் போட்ட தாமஸ் பிராஸி, அந்தக் காலத்துக் கான்ட்ராக்டர்களில் ராஜா. அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து எடுத்த கிழக்கு வங்காள ரயில்வே, கல்கத்தாவிலிருந்து குஷ்டியா வரை, 1862-இல் முடிந்தது. 1857 கலகத்துக்குப் பிறகு விலைவாசி ஏறியதில் அவருக்கே அதில் நஷ்டம். கான்ட்ராக்டர் எல்லோரும் அள்ளிக்கொண்டு போனார்கள் என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. அள்ளிக்கொண்டு போனவர்கள் லண்டனில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்கள்.

‘அந்தக் காலத்திலேயே ஒரு பெண் ரயில்வே கான்ட்ராக்டர் இருந்தாராமே? உண்மையா, கதையா?’ — காரைக்குடி கல்லூரி மாணவி

உண்மைதான் அம்மா. பெயர் ஆலிஸ் டிரெட்வெல். இடம், பம்பாயிலிருந்து பூனா போகும் வழியில் போர்காட் மலை.

முதலில் மலையைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் ரயில் 550 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில் 37 அடி போனால் ஒரு அடி ஏற்றம். 25 சுரங்கங்கள். ஓரிடத்தில் வளைத்துத் திருப்ப இடமே இல்லாததால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை மறுமுனையில் மாட்டி, வந்த திசைக்கு எதிராக மேலே ஏற்றினார்கள். மலைச்சரிவில் கால் வைக்க இடமில்லாத இடங்களில் ஆளைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாறையில் துளை போடச் சொன்னார்கள்.

1856-இல் இந்த வேலையை எடுத்தவர் ஃபாவியல். பம்பாய்–தானா லைனைக் கூட்டாளியோடு சேர்ந்து போட்ட அதே ஆள். மூன்று வருஷம் தள்ளினார். 1859-இல் கூலி பாக்கிக்காக ஆட்கள் கலகம் செய்தார்கள். ஃபாவியல் கான்ட்ராக்டை விட்டுவிட்டார். அடுத்து சாலமன் டிரெட்வெல் எடுத்தார். இங்கிலாந்திலிருந்து மனைவியோடு வந்து இறங்கினார், சில வாரங்களில் நோய் கண்டு இறந்துபோனார்.

இப்போது ஆலிஸின் நிலையை யோசித்துப் பாருங்கள். கான்ட்ராக்ட் புருஷன் பெயரில். ஊருக்குத் திரும்பினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் திரும்பவில்லை. கான்ட்ராக்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஆடம்சன், கிளவ்சர் என்று விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் மலைவேலையை ஒப்படைத்தார். 1861-இல் ஒரு கட்டத்தில் 42,000 பேர் அந்த மலையில் வேலை செய்தார்கள். 1863 ஏப்ரல் 21-ஆம் தேதி லைன் திறந்தது.

சிலர் எழுதும்போது ஆலிஸ் கையில் கடப்பாரை பிடித்துச் சுரங்கத்துக்குள் இறங்கியதுபோல எழுதிவிடுகிறார்கள். அதெல்லாம் தேவையில்லை. சரியான ஆளைப் பொறுக்கி வைப்பதும், சனிக்கிழமைக் கூலிக்கு வெள்ளி ரூபாய் குறையாமல் பார்த்துக்கொள்வதும்தான் கான்ட்ராக்டர் வேலை. புருஷன் ரங்கூனில் இருக்க, இங்கே வளவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொந்தக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய ஆச்சிமாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. ஃபாவியல் தோற்ற இடம் கூலிப் பட்டுவாடா. ஆலிஸ் ஜெயித்த இடமும் அதுதான் என்பது என் எண்ணம்.

‘கூலி பாக்கி எப்படி ஏற்பட்டது? கான்ட்ராக்டர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா? வேலையில் எத்தனை பேர் செத்தார்கள்?’ — சிவகங்கை வாசகர்

சங்கிலி நீளம். லண்டன் கம்பெனி, அதன் இன்ஜினீயர், பெரிய கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அப்புறம் முகாதம் அல்லது மேஸ்திரி, அவன் ஊர் ஊராய்ப் போய்க் கூட்டிவந்த ஆட்கள். இன்ஜினீயர் அளந்து சர்டிபிகேட் கொடுத்தால்தான் மேலே பணம் வரும். வந்த பணம் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும். மழைக்காலத்தில் வேலை நின்றால் அளவும் நிற்கும், ஆனால் வயிறு நிற்காது. போர்காட்டில் நடந்தது இதுதான்.

அளவு என்றேனே, அதிலும் வேடிக்கை உண்டு. மண்வேலையை ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், வெட்டிய குழியின் கன அளவுக்குக் கொடுப்பார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று பின்னால் தெரிய, குழிக்கு நடுவே ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். திட்டின் உச்சிதான் பழைய தரை. ஓவர்சியர் வந்து திட்டின் உயரத்தை டேப் பிடித்து எழுதிக்கொள்வார். கெட்டிக்கார மேஸ்திரி முந்தின ராத்திரியே திட்டின் தலையில் அரை அடி மண்ணை அப்பி, மேலே புல் கரணையைப் பதித்து, தண்ணீரும் தெளித்துவிடுவான். நான் சைட்டுக்குப் போன காலத்திலும் இது நடந்தது. புல்லைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேரோடிய புல் கையோடு வராது. இப்படிக் கூடக் கிடைத்த அரை அடியில் கூலிக்காரனுக்கு ஒரு தம்பிடி போயிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1859 கலகத்துக்குப் பிறகு 1860-இல் சட்டம் ஒன்று வந்தது. ரயில் வேலைக் கூலித் தகராறை மாஜிஸ்திரேட் உடனே விசாரித்துத் தீர்க்கலாம். நல்லதுதானே என்பீர்கள். ஒப்புக்கொண்ட வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்குத் தண்டனையும் அதே சட்டத்தில் இருந்தது. பாக்கி வைத்த முதலாளி சிவில் கடன்காரன், விட்டுப் போன கூலி குற்றவாளி.

சாவைப் பற்றித் தனியே கேட்டிருந்தீர்கள். போர்காட் வேலையில் காலரா, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல், பாறை வெடி, சரிவு எல்லாம் சேர்ந்து இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு கான்ட்ராக்டர் செத்தால் அடுத்த கான்ட்ராக்டரின் பெயர் பதிவாகும். இவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.

தள்ளுவண்டியைக் கொடுத்தால் நம் ஆட்கள் மண்ணோடு அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. துரைமார் எழுதிய புத்தகங்களில் அடிக்கடி வரும். மேட்டிலும் பள்ளத்திலும் சக்கரம் உருளாத இடத்தில் கூடைதான் வேகம் என்பது மண்வெட்டியைத் தொட்டவனுக்குத் தெரியும். அதனால் அந்தக் கதையை நான் சிரிப்பதற்காகக்கூடச் சொல்வதில்லை.

நம் மாகாணத்து நிலவரம் கொஞ்சம் வேறு. மதராஸ் ரயில்வேயின் முதல் தலைமை இன்ஜினீயர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்க்லே புரூஸ், பெரிய ஆங்கிலக் கான்ட்ராக்டரை நம்பாமல், வேலையைத் துண்டு துண்டாக்கிக் கம்பெனி ஆட்களின் மேற்பார்வையிலேயே செய்வித்தார். மண்வேலைக்குப் பேர்போன ஒட்டர் குடும்பங்கள், ஆண் வெட்ட, பெண் சுமக்க, குழந்தையோடு கூடாரத்தோடு லைன் போகப் போகக் கூடவே நகர்ந்தன. கரையின் மேல் இன்று ரயில் போகிறது. கரைக்கு மண் எடுத்த பள்ளங்கள் லைனோரமாய் மழைக்காலத்தில் குளம்போல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

‘நான் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்கிற கொத்தனார். நம் பக்கத்து வீடுகள் நூறு வருஷம் தாண்டி நிற்கின்றன. வெள்ளைக்காரன் கட்டிய பாலங்களும் அப்படித்தானே?’ — ஆத்தங்குடி வாசகர்

எல்லாம் அப்படியில்லை மேஸ்திரி. மேலே சொன்ன அதே போர்காட் லைனில், மாவ்-கி-மல்லி என்கிற கல் பாலம் 1867 ஜூலை மழையில் இடிந்து விழுந்தது. திறந்து நாலு வருஷம்தான். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியின் மற்றப் பாலங்களையும் பிரித்துப் பார்த்ததில் பலவற்றில் குட்டு வெளிப்பட்டது. முகப்பில் அழகாகக் கொத்திய கல். உள்ளே பொடிக்கல்லும் பிடிப்பில்லாத சுண்ணாம்பும். முகப்புக் கல்லையும் உள் கட்டையும் இணைக்கக் குறுக்கே நீளக் கல் போடவேண்டும் அல்லவா, அதில் கஞ்சத்தனம்.

சுண்ணாம்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீற்றி, நாள்பட ஊறவைத்து, அரைத்து, வழித்து எடுக்க நேரம் வேண்டும். நம் செட்டிநாட்டுப் பூச்சில் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்ததைப் பெரிதாகப் பேசுகிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அதைவிடப் பெரிய சரக்கு, கொத்தனாரை அவசரப்படுத்தாத முதலாளி. ரயில் கான்ட்ராக்டருக்கோ தேதி தவறினால் அபராதம். நீற்றிய சூடு ஆறாத சுண்ணாம்பு அப்படித்தான் பாலத்துக்குள் போனது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. லாகூர்–முல்தான் லைன் போட்டபோது, தண்டவாளத்துக்கு அடியில் கொட்ட ஜல்லி கிடைக்காமல், பக்கத்து மேட்டில் கிடந்த பழைய செங்கல்லை அள்ளிக் கொட்டினார்கள். ஏறக்குறைய நூறு மைலுக்கு. அந்த மேடுதான் ஹரப்பா.

‘கண்டியில் எங்கள் குடும்பத்துக்குக் கடை இருந்தது. கொழும்பு–கண்டி ரயில் யார் போட்டது?’ — பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்

கேட்டால் சிரிப்பீர்கள் ஆச்சி. போர்காட்டை விட்டுவிட்டுப் போன அதே ஃபாவியல்தான். 1863-இல் கான்ட்ராக்ட் எடுத்தார். 1864 டிசம்பர் கடைசியில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி, 1867-இல் கண்டி. அதுவும் மலைதான், கடுகண்ணாவை ஏற்றம். ஆனால் இந்த முறை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். காப்பித் தோட்டக்காரர்களின் மூட்டையை இறக்கத்தான் அந்த லைன். மன்னார் வழியாக நம் சனம் நடந்தே போய் வழியில் மாண்டது ஒரு பக்கம். அவர்கள் பறித்த காப்பி ரயிலில் போனது இன்னொரு பக்கம்.

‘பாம்பன் பாலத்தின் தூக்கும் பகுதி எங்கிருந்து வந்தது?’ — ராமநாதபுரம் வாசகர்

பழைய பாலத்தைக் கேட்கிறீர்கள். வடிவமைப்பு ஷெர்சர் என்கிற அமெரிக்க முறை, இரும்பு வேலை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி. 1914 பிப்ரவரி 24-இல் திறந்தார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி போனது, தூக்கும் பகுதி நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது.

‘எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் உத்தரமாகக் கிடப்பது பழைய தண்டவாளம் என்கிறார்கள். பக்கவாட்டில் எழுத்துகள் தெரிகின்றன. விலை போகுமா?’ — கானாடுகாத்தான் வாசகர்

எடைக்குப் போட்டால் பழைய இரும்பு விலைதான். அதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

கம்பித் தூரிகையால் துருவைத் தேயுங்கள். பக்கவாட்டில் சாக்பீஸை நீளவாக்கில் படுக்கவைத்துத் தடவினால் மேடாக இருக்கும் எழுத்து வெளுத்துத் தெரியும். உருட்டித் தயாரித்த ஆலையின் பெயர், வருஷம், சில சமயம் மாதம், எந்த ரயில்வேக்காக என்ற சுருக்கெழுத்து, எல்லாம் அந்த வரிசையில் இருக்கும். பாரோ, கேமெல், போல்க்கோ வாகன் என்று இருந்தால் இங்கிலாந்துச் சரக்கு. டாடா என்று இருந்தால் 1912-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை, அங்கே எஃகு உருக்கத் தொடங்கியதே அந்த வருஷம்தான்.

அப்புறம் குறுக்கு வெட்டைப் பாருங்கள். அடிப்பக்கம் தட்டையாக அகன்றிருந்தால் சாதாரண ரகம். மேலும் கீழும் ஒரே மாதிரி உருண்ட தலை இருந்தால் அது இரட்டைத் தலைத் தண்டவாளம், நிஜமாகவே பழசு. ஒரு தலை தேய்ந்ததும் புரட்டிப் போட்டு மறு தலையில் வண்டி ஓட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். தாங்கியிருந்த இரும்புக் கிண்ணத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அடித்தலையில் பள்ளம் விழுந்துவிட்டதால் கணக்கு பலிக்கவில்லை. அப்படிக் கழித்துப் போட்டதெல்லாம் ஏலத்தில் போய் ஊரெங்கும் உத்தரமாயிற்று.

எழுத்து தெரிந்தால் போட்டோ எடுத்து இதழுக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன். கழற்றி எடுத்துக்கொண்டு வர வேண்டாம். கொட்டகை அதன்மேல்தான் நிற்கிறது.